பர்காஸின் குளிர்கால அடுப்பு

ஐதராபாத்தின் பர்காஸ் என்னும் பெயர், படைக்குடியிருப்பைக் குறிக்கும் 'பாரக்ஸ்' என்பதன் திரிபு. நிஜாமின் படைக்கு யேமனின் ஹத்ரமௌத்திலிருந்து வந்த அரேபியர் அங்கு வாழ்ந்தனர். அவர்களது உணவு ஹரீஸ்: கோதுமையும் இறைச்சியும் மெல்லிய தணலில் நெடுநேரம் வெந்து குழைந்து, நெய்யோடு உண்ணப்படுவது (நம் களிக்குத் தூரத்து உறவு எனலாம்). 10ஆம் நூற்றாண்டுப் பாக்தாத் சமையல் நூலிலேயே ஹரீஸ் இடம்பெறுகிறது. அதனோடு தக்காண மசாலா சேர்ந்து ஹலீம் உருவாயிற்று. ஹலீம் தயாரிப்பாளர் சங்கத்தின் முயற்சியால் 2010இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விறகு, தாமிரக் கலம், 12 மணி நேரம் என விதிமுறைகள் நுணுக்கமானவை. குளிரிரவில் அதே தணலில் கை காய்ந்தபடி, விழித்திருந்து கிளறிய வீட்டுப் பெண்களுக்கு மட்டும் அவற்றில் இடமில்லை. அடுக்களையின் வரலாற்றை வாய்மொழியில்தான் தேட வேண்டியிருக்கிறது. பர்காஸின் மூதாட்டியர் இருக்கும்போதே.