அரண்

காவல், பகைவர் எளிதில் நெருங்க முடியாத இடம், கோட்டை என்பவை இச்சொல்லின் பொருள்கள். அரண் உடைய மனை அரண்மனை. இன்று அதைக் கேட்டால் ஆடம்பரமே நினைவுக்கு வருகிறது. பெயர் பிறந்தது காவலில்தான். அரணம் என்ற வடிவத்துக்குக் கவசம் என்றும் பொருள் உண்டு.

சங்ககால அரண் வெறும் சுவர் அல்ல. வெளியே மிளை என்னும் காவற்காடு, அதற்குள் கிடங்கு என்னும் அகழி, அதையும் தாண்டினால் எயில் என்னும் மதில். மதிலை முற்றுகையிடுவதைத் தொல்காப்பியம் உழிஞைத் திணையாக வகுத்தது. மதில் காப்போர் சூடிய பூ நொச்சி.

திருக்குறளில் அரணுக்குத் தனி அதிகாரம், 75ஆவது. அதன் வைப்புமுறையைக் கவனிக்க வேண்டும்: முதலில் நாடு, பிறகு அரண், அடுத்துப் பொருள், அதன் பின்னரே படை. விளைச்சலும் மக்களும் இல்லாத இடத்தில் மதிலுக்கு என்ன வேலை? படையெடுத்துச் செல்பவருக்கும் அஞ்சி ஒதுங்குபவருக்கும் அரண் வேண்டும் என்கிறார் வள்ளுவர். உள்ளே உணவு நிறைந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறார்; முற்றுகையில் பசிதான் முதலில் கதவைத் திறக்கும். செயல்திறம் உள்ளவர்கள் இல்லையென்றால் எத்தனை சிறந்த அரணும் பயனற்றது என்று அதிகாரத்தை முடிக்கிறார். பாதுகாப்பு என்றதும் ஆயுதக் கணக்கை மட்டும் எடுப்பவர்கள் இந்தப் பத்துக் குறள்களைப் படிப்பது நல்லது.

பகைவராலும் அழிக்க முடியாத உள்ளரண் என்று அறிவைச் சொல்வதும் அவரே.

ஈழத்துச் செய்தித் தமிழில் இச்சொல் காவலரண் என்று வழங்குகிறது: படையினர் நிற்கும் காவல் நிலை.