வீடும் காற்றும்

திரைப்படத்துக்கு வெளியே இளையராஜா இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு கருவியிசைத் தொகுப்புகளைத் தந்தார். 1986இல் ‘ஹவ் டு நேம் இட்?’, 1988இல் ‘நத்திங் பட் விண்ட்’. இரண்டையும் ஒரே மூச்சில் புகழ்ந்து, ‘ஃப்யூஷன்’ என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. ஒரே கேள்விக்குச் சொல்லப்பட்ட, ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு பதில்கள் இவை என்பது என் கட்சி. முதல் தொகுப்பில் ஒரு பகுதிக்கு ‘டோன்ட் கம்பேர்’ என்றே பெயர். விமர்சகன் அதற்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை.

கேள்வி இது: ராகம் தனிக்கோடு. அதன் உயிர் கமகத்தில், ஸ்வரம் நிலைகொள்ளாமல் அசைவதில் இருக்கிறது. மேற்கின் ஹார்மனியோ பல ஸ்வரங்கள் ஒரே கணத்தில் சேர்ந்து நிற்பதால் எழுவது. நிற்க மறுக்கும் ஸ்வரத்தோடு அதற்கு எளிதில் இணக்கம் ஏற்படுவதில்லை. இரண்டும் சேராது என்று விட்டுவிடலாம். அல்லது ஒன்றை மற்றதற்கு ஆடையாகப் போர்த்தலாம். வேறு வழி உண்டா?

முதல் தொகுப்பு தியாகராஜருக்கும் யொஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் சமர்ப்பணம். பாக் மறைந்தது 1750இல். தியாகராஜர் பிறந்தது 1767இல். காலம் சந்திக்கவிடாத இருவரைச் சந்திக்கவைக்க ராஜா வயலினை நம்பியது தற்செயலல்ல. பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858) முதலியோரின் கைவழியே நம் சங்கீதத்துக்குள் வந்து, தரையில் உட்காரப் பழகிக்கொண்ட வாத்தியம் அது. இரு பாஷையும் தெரிந்த துபாஷி. வி. எஸ். நரசிம்மனின் வில் அந்தத் துபாஷி வேலையைச் செய்கிறது. ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ பகுதியில், தனி வயலினுக்கு பாக் எழுதிய மூன்றாம் பார்டிட்டாவின் முன்னிசை ஓடிக்கொண்டிருக்க, அதன் மேல் இன்னொரு குரல் எழுகிறது. எதுவும் எதற்கும் பக்கவாத்தியம் அல்ல. விருந்தாளியும் வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். இடையிடையே உரசலும் கேட்கிறது. அந்த உரசலை ராஜா மெழுகி மறைக்கவில்லை.

பாலு மகேந்திரா தம் ‘வீடு’ (1988) படத்துக்குப் பின்னணியாக இந்தத் தொகுப்பையே எடுத்துக்கொண்டார். வீட்டுக்கடன் விண்ணப்பங்களைத் தினமும் புரட்டும் எனக்கு அந்தப் பொருத்தம் ஆச்சரியம் தரவில்லை. சொந்த வீடு என்பது கடனில்தான் எழும்புகிறது; இந்த இசையும் கடனை ஒளிக்காத இசை.

‘நத்திங் பட் விண்ட்’ வேறு தளம். ஹரிபிரசாத் சௌராசியாவின் பான்சுரி. அதைச் சூழ்ந்து பெரிய வாத்தியக்குழு. வயலினைப் போல் புல்லாங்குழலுக்குக் குடிபெயர்ந்த சரித்திரம் இங்கே தேவையில்லை. மூங்கிலும் மூச்சும் எங்கும் உண்டு. எல்லா இசையும் காற்றே என்று தலைப்பு சொல்லிவிடுகிறது. எல்லாம் காற்றென்றால் எல்லை ஏது, விவாதம் ஏது? பல இடங்களில் குழல் நாயகனாகவும் குழு அதன் வானமாகவும் அமைந்துவிடுகின்றன. ஓசை நயத்தில் இதுவே மேலானது; இரவில் கேட்க நான் எடுப்பதும் இதைத்தான். ஆனால் முதல் தொகுப்பு எழுப்பிய கேள்வி இங்கே தீரவில்லை, கரைந்துவிட்டது.

திருப்பத்தூரில் இருப்பவனுக்கு இந்த வேறுபாடு கண்ணெதிரே இருக்கிறது. 1921இல் சவரிராயன் ஜேசுதாசன் என்ற தமிழரும் ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும், இருவரும் மருத்துவர்கள், இங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினார்கள். அதன் ஜெபாலயம் திராவிடக் கோயில் பாணியில் எழுந்தது. பார்க்கிறவனுக்கு முதலில் ஒரு திகைப்பு வரும்: இது கோயிலா, தேவாலயமா? எப்படிப் பெயரிடுவது? அந்தத் திகைப்பில்தான் கட்டடத்தின் நேர்மை இருக்கிறது. எல்லா மதமும் ஒன்றே என்று அது சொல்லியிருந்தால் கட்டவே வேண்டியிருந்திராது.

இதை இசைப் பிரச்சினை என்று மட்டும் நான் எண்ணவில்லை. 1959இல் ‘எழுத்து’ தொடங்கி, புதுக்கவிதை காலூன்றியபோது அது இறக்குமதிச் சரக்கு என்றார்கள். நம்மவர் பலர் பதற்றத்தில் ‘கவிதை உலகப் பொது’ என்று பதில் சொன்னார்கள். அது காற்றின் பதில், அழகானது, வசதியானது. வெளியிலிருந்து வந்தவனை என் வீட்டில், என் பாஷையில் சந்தித்தேன், இன்னும் பேசி முடிக்கவில்லை என்பது கடினமான பதில். 1986இல் ராஜா சொன்னது அதை. இரண்டில் எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம் என்பது ரசனை. எதனிடமிருந்து கற்றுக்கொள்கிறோம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.