முறிந்த கடனும் வாங்குவோரும்

எமது கேமரன் மலையிலே போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டிலே தோன்றிற்று. அவ்வாண்டே உலக வாணிகம் சரிந்தது. மலைமேல் காடழித்துக் கன்று நட்ட அதே காலத்தில், கீழே பால்மரத் தோட்டங்கள் கடனில் அமிழ்ந்தன. 1925இல் ராத்தல் ஒரு வெள்ளிக்கு மேல் விற்ற ரப்பர், 1932இல் பத்துக் காசும் பெறவில்லை.

கிட்டங்கிகளில் அமர்ந்த நம் நகரத்தார், நிலப் பட்டாவை ஈடாகக்கொண்டு கடன் ஈந்திருந்தனர். அவர் வேண்டியது வட்டி, வந்ததோ மண். கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று நெல் மாவட்டங்களில் அவர் கையிலிருந்த நிலம், 1930இல் நூற்றுக்கு 6 பங்கு. 1937இல் 25 பங்கு. செட்டியார் விழுங்கினார் என்பாருண்டு. விலை வீழ்ந்த நிலம் கொடுத்த கடனுக்கு ஈடாகாது என்பதைக் கணக்கெழுதும் கிராணியாகிய யான் மறத்தற்கில்லை. 1948இல் பர்மிய அரசு நிலங்களைத் தேசவுடைமையாக்கவே, அம்மண்ணும் போயிற்று.

மலாயாவிலே அரசினர் 1931இல் சிறு நிலங்களை ஏலமிடுதலைச் சட்டத்தால் தடுத்தனர். 1933இல் மலாய் ஒதுக்கு நிலங்களைப் பிறருக்கு ஈடு வைத்தலையும் நிறுத்தினர். சிறு நிலக்காரனுக்குச் சட்டம் வந்தது. தோட்டத் தமிழனுக்கோ கப்பற் சீட்டு வந்தது! அந்நாளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

நிற்க. நகரத்தார் தாம் கொடுத்த கடனுக்கே நிலம் பெற்றனர். பிறர் கொடுத்துக் கெட்ட கடனை மலிவாக வாங்கி, முழுத் தொகையும் கேட்கும் நிதிகள் பிற்காலத்தவை. மேனாட்டார் அவற்றைப் பிணந்தின்னிக் கழுகு என்பர். எலியட் என்னும் அமெரிக்க நிதி, 1996இல் பெரு நாட்டுக் கடன்பத்திரங்களை ஏறத்தாழ 11 மில்லியன் டாலருக்கு வாங்கி, வழக்காடி, 2000இல் ஏறத்தாழ 58 மில்லியன் பெற்றது.

மலேசியாவிலே 1998இல் அரசே தானாஹர்த்தா என்னும் நிறுவனத்தை அமைத்து, வங்கிகளின் வாராக்கடன்களை வாங்கிற்று; சராசரியில் முகமதிப்பிற் பாதிக்கும் குறைந்த விலை. எனினும் மிகுதியாக வசூலானதில் நூற்றுக்கு 80 பங்கை விற்ற வங்கிக்கே மீட்டளித்தது; 2005இல் பணிமுடித்தது. கழுகினும் இது வேறு என்பதே எமது கருத்து.

ஆயினும் கடன் எவர் கைக்கு மாறினும், தோட்டத்தில் உழைத்தவன் கூலி எங்கே நிற்கும்? பலர் அறியாததொன்றுண்டு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, ஈடு வைத்த தோட்டம் நீதிமன்ற ஆணையால் விற்கப்படின், ஈடு பெற்றவருக்கு விலைப்பணம் சேருமுன், நான்கு மாதத்துக்கு மேற்படாத கூலிப் பாக்கி தொழிலாளருக்குக் கொடுபடல் வேண்டும். அதற்குக் கையில் சம்பளச் சீட்டு இருத்தல் நன்று, கிழித்தெறியாதீர்.