பழைய டிராக்டர்களில் திறன் எடுப்புத் தண்டு

திறன் எடுப்புத் தண்டு என்பது டிராக்டர் என்ஜினின் சுழல்விசையைப் பின்னால் பூட்டப்படும் கருவிக்குக் கொண்டுசெல்லும் தண்டு ஆகும். உழவர்களும் மெக்கானிக்குகளும் இதைப் பி.டி.ஓ. என்றே அழைப்பர். கலப்பையை இழுப்பதோடு நில்லாமல், கதிரடிக்கவும் நீர் இறைக்கவும் சேற்றைக் கலக்கவும் டிராக்டருக்கு உதவுகிறது இத்தண்டு.

தோற்றம்

தொடக்க கால அறுவடைக் கருவிகள் தம் சக்கரம் நிலத்தில் உருள்வதால் கிடைத்த விசையால் இயங்கின. ஈர நிலத்தில் சக்கரம் வழுக்கியதும் வெட்டும் கத்தியும் நின்றுவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டில் கூகி என்பவர் என்ஜினின் விசையை நேரடியாகக் கருவிக்குச் செலுத்தும் அமைப்பைத் தாமே செய்து பார்த்தார். அதைக் கண்ட அமெரிக்கப் பொறியாளர் எட்வர்டு ஜான்ஸ்டன் பணியாற்றிய இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம், 1918-இல் தன் 8-16 வகை டிராக்டரில் இவ்வமைப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி அளவில் தண்டு செய்தால் ஒருவர் கருவி மற்றவர் டிராக்டரில் பொருந்தாது. எனவே 1927-இல் அமெரிக்காவில் பொது அளவுகள் வகுக்கப்பட்டன. நிமிடத்திற்கு 540 சுற்று, ஆறு பள்ளங்கள் கொண்ட தண்டு, பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுழற்சி என்பனவே பின்னர் உலகெங்கும் நிலைபெற்ற அளவுகள்.

தமிழ்நாட்டிற்கு வருகை

1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் மாசி பெர்குசன் நிறுவனத்தின் கூட்டுறவுடன் டிராக்டர் உற்பத்தியில் இறங்கியது. மாசி பெர்குசன் 35 வகையும் அதன் வழிவந்த 1035 வகையும் தமிழக வயல்களில் பரவலாக அறியப்பட்டவை. பழைய டிராக்டர் ஒன்றின் பி.டி.ஓ. எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய இவ்வகை ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

இயங்கும் முறை

என்ஜினிலிருந்து விசை முதலில் கிளட்சுக்கும், பின் பற்சக்கரப் பெட்டிக்கும் செல்கிறது. அங்கிருந்து ஒரு வழி பின்சக்கரங்களுக்கும், மற்றொரு வழி பின்புறத் தண்டுக்கும் பிரிகிறது. என்ஜின் நிமிடத்திற்கு 1,500 முதல் 1,700 சுற்று வரை ஓடும்போது பற்சக்கரங்கள் அவ்வேகத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, தண்டை 540 சுற்றில் ஓடவிடுகின்றன. வேகம் குறையும் அளவிற்கு முறுக்குவிசை கூடுகிறது. 30 குதிரைத்திறன் இத்தண்டின் வழியே செல்லும்போது எழும் முறுக்கம், ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 40 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம்.

டிராக்டர் தண்டையும் கருவியையும் இணைப்பது, இருமுனையிலும் யுனிவர்சல் ஜாயின்ட் உள்ள, நீண்டு சுருங்கும் மற்றொரு தண்டு. மேடு பள்ளத்தில் கருவி ஏறி இறங்கினாலும் சுழற்சி தடைபடாமல் இது காக்கிறது.

ஒற்றைக் கிளட்சும் இரட்டைக் கிளட்சும்

பழைய டிராக்டர்களின் பெருங்குறை ஒற்றைக் கிளட்ச் ஆகும். மிதியை அழுத்தினால் சக்கரமும் நிற்கும், பி.டி.ஓ.வும் நிற்கும். வைக்கோல் அடைத்துக்கொண்ட இடத்தில் வண்டியை நிறுத்தி, கருவியை மட்டும் ஓடவிட்டு அடைப்பை நீக்க வழியில்லை. இதற்கு நேர்மாறான இடரும் உண்டு. எடைமிக்க கருவி சுழன்றுகொண்டிருக்கும்போது கிளட்சை மிதித்தால், கருவியின் சுழற்சி வேகமே பற்சக்கரங்கள் வழியாகத் திரும்பி வந்து டிராக்டரை முன்னே தள்ளும். வரப்பின் ஓரத்தில் இது பெரும் ஆபத்து. ஒரு திசையில் மட்டும் விசை கடத்தும் இணைப்பைத் தண்டில் பொருத்தி இதைத் தடுத்தனர்.

1940-களில் கனடாவின் காக்ஷட் நிறுவனம், சக்கரம் நின்றாலும் தொடர்ந்து சுழலும் தண்டைத் தன் 30 வகை டிராக்டரில் அளித்தது. மாசி பெர்குசன் 35 ஒற்றைக் கிளட்சுடனும் வந்தது, இரட்டைக் கிளட்சுடனும் வந்தது. இரட்டைக் கிளட்சில் இரு தட்டுகள் உண்டு. மிதியைப் பாதி அழுத்தினால் சக்கரம் மட்டும் நிற்கும். முழுவதும் அழுத்தினால் தண்டும் நிற்கும். ஓட்டுநரின் பாதமே இரண்டையும் பிரித்தறிய வேண்டியிருந்ததால் இதற்குப் பழக்கம் தேவைப்பட்டது.

தென்காசி வட்டாரத்தில் பயன்பாடு

குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு தென்காசி வழியே ஓடித் தாமிரபரணியில் கலக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் அருவி விழத் தொடங்கியதும் வாய்க்கால்களில் நீர் வரும். கார் சாகுபடியும் தொடங்கும். வந்த நீர் வடிவதற்குள் தொளி உழவை முடித்தாக வேண்டும். பி.டி.ஓ.வால் சுழலும் ரோட்டவேட்டர், பலமுறை உழ வேண்டிய சேற்றை ஓரிரு ஓட்டத்தில் கலக்கிவிடுகிறது.

அறுவடையிலும் இதே அவசரம் உண்டு. கார் நெல் களத்திற்கு வரும் வேளையில் வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிடும். மாடுகளைப் பிணைத்துச் சூடடித்த காலத்தில், மழை முந்திக்கொண்டால் நெல் களத்திலேயே முளைத்துவிடும். டிராக்டரோடு இணைத்த கதிரடிக்கும் இயந்திரம் அந்தக் கவலையைக் குறைத்தது. மாடுகளுக்கும் கூலியாட்களுக்கும் இருந்த வேலையையும் குறைத்தது. இன்று வைக்கோல் கட்டும் இயந்திரமும், தென்னங்கன்றுக்குக் குழி தோண்டும் கருவியும் இதே தண்டில் இயங்குகின்றன.

விபத்தும் பாதுகாப்பும்

540 சுற்று என்பது நொடிக்கு ஒன்பது சுற்று. ஏழரை சென்டிமீட்டர் தடிமனுள்ள இணைப்புத் தண்டு ஒரு சுற்றில் ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் துணியைச் சுற்றிக்கொள்ளும். அதாவது நொடிக்கு இரண்டு மீட்டருக்கும் மேல். நான்கு முழ வேட்டி முழுவதும் உள்ளிழுக்கப்பட ஒரு நொடி போதும். கையை விலக்கவோ கூவவோ நேரம் இராது. சேலை முந்தானை, தலைத்துண்டு, அவிழ்ந்த கூந்தல் எதற்கும் இதே நிலைதான்.

பழைய டிராக்டர்களில் தண்டின் மேலிருக்கும் இரும்பு மறைப்பு, டிரெய்லர் பூட்டும்போது கழற்றப்பட்டு, திரும்ப மாட்டப்படாமலே போவதுண்டு. இணைப்புத் தண்டின் பிளாஸ்டிக் உறையும் சில ஆண்டுகளில் உடைந்துவிடும். கதிரடிக்கும் இயந்திரங்களால் தொழிலாளர்கள் கை கால் இழந்ததையடுத்து நாடாளுமன்றம் 1983-இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. பாதுகாப்பு அமைப்புகளும், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும் இச்சட்டத்தில் இடம்பெற்றன.

எனினும் களத்தில் காப்பது எளிய பழக்கங்களே. மறைப்பை மாட்டிய பின்னரே தண்டை ஓடவிட வேண்டும். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்ட வேண்டும். சுழலும் தண்டை ஒருபோதும் தாண்டக் கூடாது. அடைப்பை நீக்கும் முன் பி.டி.ஓ. நெம்பை விலக்கி, என்ஜினையும் நிறுத்தி, சுழற்சி முற்றிலும் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.