இலவசக் கல்வியும் ஏழை மாணவரும்

ஏழைப் பிள்ளையொன்று பல்கலைக்கழகத்தின் படியை மிதித்துப் பட்டமும் பெற்று வெளிவருவதற்கு எவையெவை வேண்டும்? சம்பளமின்றிக் கற்பித்தால் போதுமென்பார் பலர். போதாது என்பதே நமது நாட்டுச் சரித்திரம் நமக்குக் காட்டும் உண்மையாகும்.

இலவசக் கல்வியின் தந்தையெனப் போற்றப்படும் திரு. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் 1884 ஆம் ஆண்டில், அம்பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள ரந்தொம்பைக் கிராமத்திற் பிறந்தார். கிராமப் பாடசாலையில் அவர் காட்டிய திறமையைக் கண்டு வியந்த காலி றிச்மண்ட் கல்லூரி அதிபர் டாரல் பாதிரியார் அவருக்கு உபகாரச் சம்பளம் அளித்தார். பாடத்தோடு விடுதியில் இடமும் உணவும் கிடைத்தமையாலன்றோ அப்பிள்ளை மேலே கற்க முடிந்தது!

அவரே 1931 இல் கல்வி மந்திரியானார். அவர் தலைமையில் அமைந்த விசேட கல்விக் குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாதல் வேண்டுமென்ற கொள்கை 1945 இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், சம்பளத்தை நீக்கினால் மட்டும் பசி நீங்குமா? தூரத்துக் கிராமத்துப் பிள்ளை எங்கே தங்கும்? இதனை அறிந்தே மத்திய பாடசாலைகள் கிராமப்புறங்களில் நிறுவப்பட்டன. ஐந்தாம் வகுப்புப் பரீட்சையிற் சித்தியெய்திய ஏழைப் பிள்ளைகள் உபகாரச் சம்பளம் பெற்று அவற்றின் விடுதிகளிலே தங்கிக் கற்றனர்.

மட்டக்களப்பு வந்தாறுமூலையில் எழுந்த மத்திய பாடசாலையும் இவ்வகையினதே. வயலும் வாவியும் சூழ்ந்த நாட்டில் உழவர் மக்கள் பயின்ற அவ்விடத்திலேயே 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. கிராமத்துப் பிள்ளைக்கென இட்ட வித்து பெருமரமாகியதை இங்கே காண்கின்றோம்.

பல்கலைக்கழகத்தினுள்ளும் தடைகள் இருந்தன. 1942 இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்திலேயே போதித்தது. 1960 ஆம் ஆண்டளவிற் கலைப்பாடங்கள் தமிழிலும் சிங்களத்திலும் போதிக்கப்பட்ட பின்னரே கிராமத்து மாணவர் பெருந்தொகையாக உட்புகுந்தனர். உணவுக்கும் நூலுக்கும் அவர்கள் பட்ட இடரைக் குறைக்க 1981 இல் மகாபொல உபகாரச் சம்பள நிதியம் சட்டத்தால் நிறுவப்பட்டது. திறமையும் வறுமையும் நோக்கி அது மாதந்தோறும் உதவி வழங்கலாயிற்று.

எனினும், இவ்வரலாற்றில் ஒரு பெருங்குறை உண்டு. 1945 இல் திறந்த வாயில் மலைநாட்டுத் தோட்டப் பிள்ளைக்குத் திறக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970 ஆம் ஆண்டுகளிலேதான். ஏறக்குறைய ஒரு தலைமுறை பின்தங்கிப் புறப்பட்ட பிள்ளையை மற்றையோருடன் ஒரே கோட்டில் நிறுத்தி, “ஓடு” என்பது நீதியாகுமா?

ஆதலின், வாலிபர்களே, நாம் செய்யத்தக்கது யாது? பரீட்சையிற் சித்தியெய்திய பிள்ளைக்கு மாலையிடுவதோடு நம் கடமை முடிந்ததெனக் கொள்ளலாகாது. முதலாண்டிலே தங்க ஓர் அறை, படித்து முடித்த நூல்கள், மாலையில் ஒரு மணி நேர ஆங்கிலப் பாடம், ஊக்கமளிக்கும் ஒரு மூத்த மாணவன்: இவை பெருநிதி வேண்டாதவை. டாரல் பாதிரியார் கைகொடுத்தது ஒரு பிள்ளைக்கே. அப்பிள்ளை நாடு முழுவதற்கும் கைகொடுத்தது. நாமும் ஒருவருக்கேனும் கைகொடுப்போமாக.