கடினப் பவள வளர்ப்பு
கடினப் பவள வளர்ப்பு என்பது சுண்ணாம்புச் சட்டகத்தை உருவாக்கும் பவள உயிரிகளை வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் பேணி வளர்ப்பதாகும். இவற்றின் திசுக்களினுள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை மூலம் பவளத்தின் உணவில் பெரும்பகுதியை அளிக்கின்றன. எனவே போதிய ஒளியும் நீரோட்டமும் இன்றியமையாதவை.

நீரின் தன்மை
வெப்பநிலை 24–27 பாகை செல்சியசு, உவர்ப்பு ஆயிரத்தில் 35 பங்கு, கல்சியம் லிட்டருக்கு 400–450 மில்லிகிராம் என்ற அளவுகள் ஏற்றவை. சட்டகம் வளரும்போது கல்சியமும் கார்பனேட்டும் நீரில் குறைகின்றன. சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து இவற்றை ஈடுசெய்யலாம். அது மிகுந்த காரத்தன்மை கொண்டதாதலால் ஒரேயடியாகச் சேர்த்தல் கூடாது.

வெளிறல்
வெப்பம் மிகும்போது பவளங்கள் நுண்பாசிகளை வெளியேற்றி வெளிறுகின்றன. வெளிறிய பவளம் உடனே இறப்பதில்லை. நிலைமை விரைவில் சீரானால் மீளக்கூடும். ஆகவே அளவுகள் ஏற்ற எல்லைக்குள் இருப்பதுடன், அடிக்கடி மாறாமல் இருப்பதும் முதன்மையானது.

சட்டப் பாதுகாப்பு
கடினப் பவளங்களின் பன்னாட்டு வணிகம் சைட்டிசு உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்படுகிறது. இந்தியாவில் இவை 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்படுகின்றன. மன்னார் வளைகுடா போன்ற கடற்பகுதிகளிலிருந்து இவற்றை எடுப்பது குற்றமாகும்.