களிமண் ஏடுகளிற் பெண்: பண்டைய மெசொப்பொத்தேமியாவும் தந்தையாதிக்கத்தின் தோற்றமும்

பெண்ணின் தாழ்நிலை இயற்கையின் நியதி என்னும் கருத்து இன்றும் பலரிடத்து வேரூன்றியுள்ளது. இதனை மறுத்து, வரலாற்று அடிப்படையில் விளக்கம் தந்தோருள் பிரெடெரிக் ஏங்கெல்ஸ் தலையாயவர். 1884இல் வெளிவந்த ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ என்னும் நூலில், மோர்கன் 1877இல் வெளியிட்ட ஆய்வைத் துணையாகக் கொண்டு, தாயுரிமை வீழ்ந்து தந்தையுரிமை நிலைபெற்றமைக்குத் தனிச்சொத்தின் எழுச்சியே காரணம் என அவர் வாதிட்டார். ஆயின், அவர் அந்நூலை எழுதிய காலத்தில் ஹம்முறாபியின் சட்டக்கல் கண்டெடுக்கப்பட்டிருக்கவில்லை. அசீரியச் சட்ட ஏடுகளும் அசூர் நகரின் மண்ணுள்ளேயே கிடந்தன. அவருக்குக் கிட்டாத இச்சான்றுகளின் ஒளியில் அவர்தம் முடிபுகளை மீள நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசு தோன்றுவதற்கு முந்திய நிலையை முதலில் நோக்குவோம். துருக்கியின் கொன்யாச் சமவெளியிலுள்ள சத்தால்ஹுயுக், கி.மு. 7100 அளவில் எழுந்து ஆயிரமாண்டுகளுக்கு மேலாக நிலைத்த குடியிருப்பாகும். 1960களில் இங்கு அகழ்ந்த ஜேம்ஸ் மெலார்ட், கிடைத்த பெண்ணுருவங்களைக் கொண்டு இதனைத் தாய்த்தெய்வ வழிபாட்டின் மையமாகக் கண்டார். 1993 முதல் இயன் ஹொடர் தலைமையில் நடைபெற்ற ஆய்வுகளோ, உணவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பெரும் வேறுபாடு இருக்கவில்லை என்பதை எலும்புகளின் வழி எடுத்துக்காட்டின. 2025இல் வெளியான மரபணு ஆய்வொன்று, ஒரே வீட்டின் கீழ் அடக்கஞ்செய்யப்பட்டோர் பெரும்பாலும் தாய்வழியாலேயே தொடர்புற்றிருந்தனர் எனக் காட்டியது. இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். தாய்வழி வேறு, தாயாட்சி வேறு. வீடு தாய்வழியாகத் தொடர்ந்தமை, பெண்கள் ஆண்களை ஆண்டனர் என்பதற்குச் சான்றாகாது. எனினும், தந்தைவழிக் குடும்பமே மனிதகுலத்தின் ஆதி அமைப்பு என்னும் கூற்று இச்சான்றின்முன் நிலைக்க மாட்டாது.

அரசும் எழுத்தும் ஒருங்கே தோன்றிய சுமேரியாவில் நாம் காணும் காட்சி சிக்கலானது. லகாஷ் நகர அரசிற் கி.மு. 24ஆம் நூற்றாண்டளவில் ‘பெண்ணின் இல்லம்’ எனப் பொருள்படும் பெயர்கொண்ட பெரும் பொருளாதார நிறுவனமொன்று இயங்கிற்று. வயல்கள், மந்தைகள், பணியாளர் ஆகிய அனைத்தையும் கொண்ட இந்நிறுவனத்தை ஆட்சியாளரின் மனைவியே நிர்வகித்தாள். லுகலாந்தாவின் மனைவி பாரநம்தாரா, அதாப் நகர ஆட்சியாளரின் மனைவியுடன் தன் பெயரிலேயே பொருள்களைப் பரிமாறிக்கொண்டமைக்கு ஏடுகள் சான்று பகர்கின்றன. ஆயின், இவ்வதிகாரம் மனைவி என்னும் நிலைவழி வந்தது. கணவனின் ஆட்சி வீழ்ந்தால் அதுவும் வீழும்.

இதே சமூகத்தின் அடித்தளத்தில் வேறொரு பெண்ணைக் காண்கிறோம். அடிமைப் பெண்ணைச் சுட்டும் ஆப்பெழுத்து, ‘பெண்’, ‘மலைநாடு’ என்னும் இரு குறிகளின் சேர்க்கையாகும். அயல்நாட்டிலிருந்து கொணரப்பட்டவள் என்பது அதனுட் பொதிந்த செய்தி. கி.மு. 21ஆம் நூற்றாண்டில், ஊர் நகரின் மூன்றாம் அரச மரபின் காலத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் அரச நெசவுக்கூடங்களில் உழைத்தனர். அவர்களுக்கு மாதந்தோறும் அளக்கப்பட்ட வாற்கோதுமை பொதுவாக 30 சிலா. ஆண் தொழிலாளிக்கோ 60 சிலா. ஒரு சிலா ஏறத்தாழ ஒரு லீற்றர். அரசு ஏற்றுமதி செய்த துணிகளின் பின்னணியில் இவ்வரைப்படியே இருந்தது. பெண்ணுழைப்பின் மலிவு இயற்கை விதித்ததன்று. எழுத்தர் கணக்கிட்டு ஏட்டிற் பதித்தது.

கி.மு. 1792 முதல் 1750 வரை ஆண்ட ஹம்முறாபியின் சட்டங்களிற் குடும்பம் அரசின் நேரடி அக்கறைக்கு உரியதாகிறது. கடன்பட்டவன் தன் மனைவியையோ மகனையோ மகளையோ கடனுக்கீடாகப் பணிக்கு விடலாம். மூன்றாண்டு உழைத்தபின் நான்காம் ஆண்டில் அவர்கள் விடுவிக்கப்படல் வேண்டும். இவ்விதி கடனாளியின் குடும்பத்தைக் காப்பதுபோலத் தோன்றினும், மனைவி மக்கள் குடும்பத்தலைவனின் பிணைப்பொருள் என்பதை அது முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறது. சுதந்திரக் குடிமகனின் மகளை ஒருவன் அடித்து அவள் இறந்தால், அடித்தவனின் மகள் கொல்லப்படல் வேண்டும் என்கிறது மற்றொரு விதி. குற்றம் புரிந்தவன் உயிர்வாழ, குற்றமறியாதவள் மாள்கிறாள். தந்தையின் இழப்புக்குத் தந்தையின் இழப்பே ஈடு என்பதே இதன் தருக்கமாகும்.

இக்காலத்துச் சிப்பார் நகரில் வாழ்ந்த ‘நதீத்து’ப் பெண்களின் நிலை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. சூரிய தேவனாகிய சமாசுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, பிள்ளை பெறாது தனி வளாகத்தில் வாழ்ந்த இவர்கள் நிலம் வாங்கினர், குத்தகைக்கு விட்டனர், வெள்ளியைக் கடனாகக் கொடுத்தனர். பெண்ணின் பொருளாதார ஆற்றலுக்கு இதனைவிடத் தெளிவான சான்று அரிது. எனினும், செல்வக்குடும்பங்கள் தம் மகளிரை அங்கு அனுப்பியதன் பயன் வேறாயிருந்தது. மணமுடித்த மகளின் சீதனம் பிறர் குடிக்குச் செல்லும். நதீத்துவின் பங்கோ அவள் இறந்தபின் பெரும்பாலும் உடன்பிறந்தாரிடமே மீளும். அவள் பெற்ற சுதந்திரம் குடும்பச்சொத்தைக் காக்கும் ஏற்பாட்டின் உள்ளேயே அமைந்திருந்தது.

கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அசீரியச் சட்டங்களில் இப்போக்கு மேலும் கடுமையடைகிறது. மணமான பெண்கள் தெருவில் முக்காடிட்டே செல்லல் வேண்டும். பரத்தையும் அடிமைப் பெண்ணும் முக்காடிடலாகாது. மீறும் பரத்தைக்கு 50 அடியும் தலையிற் கீல் ஊற்றலும், அடிமைப் பெண்ணுக்குச் செவி அறுத்தலும் தண்டனைகளாகும். மீறியவளைக் கண்டும் பிடித்துக்கொடாத ஆணும் தண்டனைக்குரியவனே. ஆணின் வகுப்பு, அவன் உற்பத்திச் சாதனங்களோடு கொண்ட உறவால் வரையறுக்கப்பட, பெண்ணின் தரம் அவள் எந்த ஆணுக்கு உரியவள் என்பதால் வரையறுக்கப்பட்டது. கேர்டா லேர்னர் 1986இல் வெளியிட்ட தம் நூலில் இவ்வுண்மையை விரிவாக விளக்கியுள்ளார். சமூகத்தின் ஒருபகுதிப் பெண்களுக்கு மதிப்பளித்து, மறுபகுதியினரிடமிருந்து அவர்களைப் பிரித்துவைத்ததன் மூலம், பெண்களின் ஒத்துழைப்பையே இவ்வமைப்பு தனக்கு அரணாக்கிக்கொண்டது.

தனிச்சொத்து முதலில் தோன்றிற்று, பெண்ணடிமை பின்வந்தது என்பது ஏங்கெல்சின் வாதம். பெண்ணின் பிள்ளை பெறும் ஆற்றலைக் கைக்கொண்டமையே தனிச்சொத்துக்கு முந்தியது என்பார் லேர்னர். நாம் மேலே நோக்கிய சான்றுகளிலோ இவ்விரண்டும் பிரிக்கவொண்ணாதபடி பின்னிக் கிடக்கின்றன. போரிற் சிறைப்பட்ட பெண் ஒரே வேளையில் உழைப்பாளியும் உடைமையுமாவாள். கடனுக்கு விடப்பட்ட மனைவியின் நிலையும் அத்தகையதே. ஏங்கெல்ஸ் ஒரு பெருந்தோல்வியாகக் கண்டதை நாம் ஒரு நாளில் நிகழ்ந்த வீழ்ச்சியாகக் கொள்ளாது, போர், கடன், மணவுறவு, சட்டம் ஆகியவற்றினூடாகப் பல நூற்றாண்டுகள் நீடித்த நிகழ்வுத்தொடராகக் கொள்வதே பொருத்தமானது. ஆயினும், சொத்தையும் அரசையும் குடும்பத்தையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி நோக்கவேண்டும் என்ற அவருடைய அடிப்படைப் பார்வை இன்றும் வலுவிழக்கவில்லை.

இத்தனைக்கும் இனானா, இஸ்தார் எனப் பெண்தெய்வங்கள் அக்காலம் முழுவதும் போற்றப்பட்டே வந்தனர். கோயிலிற் பெண் வணங்கப்பட்டமையைக் காட்டி, அச்சமூகத்திற் பெண் உயர்ந்திருந்தாள் என நிறுவ முயல்வோர், நெசவுக்கூடத்தின் படிக்கணக்கையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். இயற்கையாக அமைந்த ஒன்றைக் காக்க இத்துணைச் சட்டங்களும் அடிகளும் கீலும் வேண்டியிருந்திரா. பெண்ணின் பணிவு ஒவ்வொரு தலைமுறையிலும் வலிந்து பெறப்படவேண்டியிருந்தது என்பதற்கு அச்சட்டங்களே சாட்சி. மனிதர் ஆக்கியதை மனிதர் மாற்றலாம் என்னும் நம்பிக்கைக்கு இதனினும் உறுதியான வரலாற்றடிப்படை நமக்கு வேண்டியதில்லை.